பழைய பைபர் படகுக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாமா?

உங்கள் அப்பா ஓட்டிய 22 அடி பைபர் படகு சில வருடங்களாகக் கொல்லையில் கவிழ்த்தபடி கிடக்கிறது. வெளிப்புறம் வெளுத்துவிட்டது, தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. அடிப்பகுதியில் மிளகு அளவிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் அளவு வரை கொப்புளங்கள் தெரிகின்றன. முத்துப்பேட்டைக் கழியில் (கடலோரக் காயலில்) அவ்வப்போது ஓட்டிவிட்டு மணலில் இழுத்து ஏற்றி வைக்கப் போகிறீர்கள். எந்தப் பெயின்ட் நல்லது, நாமே அடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயின்டின் பெயரைச் சொல்வது சுலபம். ஆனால் உங்கள் கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்வி, அந்தப் பொடியும் கொப்புளமும் மேல்தோலோடு நிற்கின்றனவா, உடம்புக்குள் இறங்கிவிட்டனவா என்பது. பெயின்ட் கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். கேட்ட டப்பாவை எடுத்துக் கொடுப்பார்.

நான் பைபர் படகுப் பட்டறையில் ரெசின் (இழைகளைப் பிணைத்துக் கெட்டியாகும் திரவப் பிசின்) கலக்கும் வேலையில் தொடங்கியவன். இப்போது பழுதுபார்ப்பு மட்டும் செய்கிறேன். வேதியியல் படித்தவன் இல்லை. கையால் தொட்டும் தட்டியும் கற்றதையும், பெயின்ட் கம்பெனிகளின் தொழில்நுட்பத் தாள்களைப் படித்துக் கற்றதையும் வைத்து எழுதுகிறேன். படகை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாதவை சில உண்டு. அவை வரும்போது சொல்கிறேன்.

முதலில் வெள்ளைப் பொடி. இதைப் பற்றிக் கவலை வேண்டாம். படகின் வெளித்தோலாக இருப்பது ஜெல்கோட். நிறம் கலந்த ரெசின், அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கனம் இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் அந்த ரெசினை உடைக்க, பிடிமானம் இழந்த நிறமி பொடியாக உதிர்கிறது. படகின் பலம் இதனால் குறைவதில்லை. ஒரு முழ நீளத்துக்கு இடம் ஒதுக்கி, ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். பளபளப்பு திரும்பி வந்தால் பக்கவாட்டுக்குப் பெயின்டே தேவையில்லை. தேய்த்து மெழுகு போட்டால் போதும், செலவு பெரிதும் மிச்சம். தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து இழைகளின் பின்னல் தெரிய ஆரம்பித்தால் ஜெல்கோட் தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது பெயின்ட் கட்டாயம்.

கொப்புளம் வேறு கதை. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கூரான ஆணியால் ஒன்றைக் குத்துங்கள். கண்ணாடி இல்லாமல் குத்தாதீர்கள், உள்ளே அழுத்தம் இருந்தால் திரவம் முகத்தில் பீய்ச்சும். உள்ளிருந்து வருவது பிசுபிசுப்பாக, விரலில் எண்ணெய்ப் பதமாக இருந்து, காடியின் புளித்த வாடையோ ரெசினின் காட்டமோ அடித்தால் அது ஆஸ்மோசிஸ். தண்ணீர் நாளடைவில் ஜெல்கோட்டை ஊடுருவி, உள்ளே மிச்சமிருக்கும் கரையக்கூடிய பொருள்களைக் கரைத்து, அடர்த்தியான கரைசலாகி, மேலும் தண்ணீரை இழுத்துக்கொண்டு தோலை உப்ப வைக்கிறது. குத்தும்போது மொறுமொறுவென்று உடைந்து உள்ளே வெறும் குழியாக இருந்தால் அது நோயே இல்லை. படகு செய்தபோது ரோலர் போட்டுக் காற்றை வெளியேற்றாமல் விட்ட இடம். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் பைபர் படகுகளை அவசர அவசரமாகச் செய்து இறக்கினார்கள். அவற்றில் நல்ல படகுகளும் உண்டு. கண்ணாடி இழை விரிப்பான ‘மேட்’டை ரெசினில் சரியாக நனைக்காமலே அடுக்கியவையும் உண்டு. மூன்றாவது வகை, பழைய பெயின்டின் இரண்டு பூச்சுகளுக்கு நடுவே மட்டும் உப்பியிருப்பது. சுரண்டினால் கையோடு வந்துவிடும், கீழே ஜெல்கோட் முழுசாக இருக்கும். உங்களுடையது மூன்றில் எது என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆஸ்மோசிஸ்தான் என்றால் முழு ஜெல்கோட்டையும் உரித்தாக வேண்டுமா என்பதில் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. எப்போதும் தண்ணீரிலேயே மிதக்கும் பெரிய படகுக்கு உரிப்பது நியாயம். கரையில் ஏறி இறங்கும் சின்னப் படகில், எண்ணிவிடக்கூடிய அளவு கொப்புளங்களுக்காக அந்தச் செலவைச் செய்யச் சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றையும் கிரைண்டரால் சாய்வாகக் குடைந்து, ஓரம் தாம்பாளம்போல் சரிவாக இறங்கும்படி திறந்துவிட்டு, நல்ல தண்ணீரால் பல நாட்கள் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். உள்ளே இருப்பது தண்ணீரில் கரைவது, தின்னரால் துடைத்தால் போகாது. பிறகு வாரக் கணக்கில் காய வேண்டும். இத்தனை காலம் கவிழ்ந்து கிடந்தது இந்த விஷயத்தில் உங்களுக்குச் சாதகம். காய்ந்ததா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு பகல் வெயிலில் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வியர்க்காவிட்டால் மேற்பரப்பு காய்ந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆழத்தில் இருக்கும் ஈரத்தை இந்தச் சோதனை காட்டாது.

பெயின்டைப் பற்றி யோசிக்கும் முன் பின்பக்கத்துக்குப் போங்கள், எஞ்சின் மாட்டும் பலகைக்கு. இந்தப் படகுகளில் பெரும்பாலும் அதற்குள் பிளைவுட் வைத்து மேலே பைபர் போர்த்தியிருப்பார்கள். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே மரம் மக்கும். ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று திருப்பிச் சொல்லும்; மக்கிய இடம் பொத்தென்று விழுங்கும். துளையின் ஓரத்தில் பழுப்பு நீர் கசிந்த கறை இருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்படி இருந்தால் பெயின்டை மறந்துவிட்டு, அனுபவமுள்ள ஒருவரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். ஓடுகிற படகிலிருந்து எஞ்சின் கழன்று விழுவது உயிர்ச்சேத விஷயம், இதைத் தொலைவிலிருந்து வழிகாட்ட நான் துணிய மாட்டேன்.

பின்பக்கம் திடமாக இருந்தால் வேலையைத் தொடங்கலாம். ஏற்கெனவே பெயின்ட் இருக்கிறதா, இருந்தால் எந்த வகை என்று பாருங்கள். தின்னரில் நனைத்த பஞ்சை ஒரு மூலையில் சில நிமிடம் ஒட்டி வையுங்கள். பெயின்ட் குழைந்து வந்தாலோ சுருங்கினாலோ அது சாதாரண எனாமல் போன்ற ஒற்றை டப்பாப் பெயின்ட். அசையாமல் இருந்தால் இரண்டு டப்பா கலந்து அடித்தது. கெட்டியாக நிற்கும் இரண்டு டப்பாப் பெயின்டின் மேல் எதையும் அடிக்கலாம். எனாமலின் மேல் இரண்டு டப்பாப் பெயின்ட் அடித்தால் அதன் காட்டமான தின்னர் அடியில் இருப்பதைக் கிளப்பிச் சுருக்கிவிடும். எனவே ஒன்று எனாமலை முழுக்கச் சுரண்டி எடுங்கள், இல்லையென்றால் எனாமலின் மேல் எனாமலோடே இருந்துகொள்ளுங்கள்.

அடுத்தது கழுவுதல். நம் ஊர் வழக்கம் எடுத்த எடுப்பில் உப்புத்தாளைப் போட்டுத் தேய்ப்பது. அது தவறு. அச்சிலிருந்து படகைக் கழற்றுவதற்காகப் போட்ட மெழுகு, பின்னால் பளபளப்புக்காகப் போட்ட மெழுகு, எஞ்சின் எண்ணெய் எல்லாம் மேலே இருக்கும். அப்படியே தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு எதைக் கொண்டும் எடுப்பது கடினம். சோப்புத் தண்ணீரால் கழுவி, உப்பு போக நல்ல தண்ணீர் ஊற்றி, காய்ந்த பிறகு தின்னர் நனைத்த துணியால் சிறிய பகுதியைத் துடையுங்கள். அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் துடைத்து எடுங்கள். ஒரே துணியைத் திரும்பத் திரும்பப் போட்டால் மெழுகை இடம் மாற்றி வைக்கிறீர்கள், அவ்வளவுதான். முடிந்ததா என்று தெரிய ஒரு சொம்புத் தண்ணீரை மேலிருந்து விடுங்கள். ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். சேப்பங்கிழங்கு இலையில் உருள்வதுபோல் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் அந்த இடத்தில் மெழுகு இன்னும் இருக்கிறது. இந்தச் சோதனைக்குச் செலவு கிடையாது, ஆனாலும் செய்கிறவர்கள் குறைவு. ஒரு மழைக்காலம் போனதும் பெயின்ட் பட்டையாக உரிந்து நிற்கும் படகுகளில் நான் பார்த்தவரை, கோளாறு பெயின்டிடம் இருந்ததைவிட இந்த இடத்தில்தான் அதிகம்.

பிறகுதான் தேய்ப்பு. பழுது பார்த்த இடங்களுக்கு 80 எண் தாள், மொத்தத்துக்கும் 120 அல்லது 180, மேல் பூச்சுக்கு முன் 240 அல்லது 320. பழைய பெயின்ட் இருந்தால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதே உத்தமம். நம் நாட்டில் வீட்டு, அலங்காரப் பெயின்ட்களில் ஈயத்தை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதி 2016இல் அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்று எண்ணியே நடந்துகொள்ளுங்கள். படகின் அடியில் பாசி, கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர்) பிடிக்காமலிருக்க அடித்த பழைய பூச்சு இருந்தால் அதில் செம்பு இருக்கும். மிகப் பழையதில் டின் (வெள்ளீயம்) சேர்மங்களும் இருக்கலாம். டின் கலந்த பூச்சுகளைத் தடை செய்த சர்வதேச ஒப்பந்தம் 2008இல்தான் அமலுக்கு வந்தது. இந்தத் தூளைக் குழந்தைகள் விளையாடும் கொல்லையில் பறக்கவிடாதீர்கள். கீழே தார்ப்பாய் விரித்து, சேற்றை அள்ளி அப்புறப்படுத்துங்கள்; கிணற்றடியிலும் கழியிலும் கழுவி விடாதீர்கள். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது தூசியைத் தடுக்காது, தூசிக்கான முகமூடியே வேண்டும். பைபர் தூள் பட்டு அரித்தால் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், தேய்க்காதீர்கள்.

குடைந்த குழிகளை நிரப்ப எபாக்சி, அதாவது இரண்டு பகுதி கலந்து கெட்டியாகும் ரெசின், வாங்குங்கள். கார் பட்டறையில் போடும் பாலியெஸ்டர் பட்டி மலிவு, சீக்கிரம் காயும். ஆனால் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே போடலாம், கீழே வேண்டாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: காய்ந்த பாலியெஸ்டரின் (இந்தப் படகுகளின் உடம்பு பெரும்பாலும் இந்த ரெசின்தான்) மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும், எபாக்சியின் மேல் பாலியெஸ்டர் ரெசினோ ஜெல்கோட்டோ அப்படிப் பிடிக்காது. குழி ஆழமாகி இழை அடுக்கு வரை போயிருந்தால், வெறும் பட்டியை அடைக்காமல் சின்ன வட்டமாக ஆரம்பித்துப் பெரிய வட்டம் வரை மேட் வெட்டி, எபாக்சியில் நனைத்து அடுக்குங்கள். சாதாரண மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் கரையும்படி செய்யப்பட்டது, எபாக்சியில் சரியாகக் கரையாது. எனவே எபாக்சிக்கு ஏற்றது என்று கேட்டு வாங்குங்கள், அல்லது நெய்த துணி வகையை வாங்குங்கள்.

இங்கே பழைய பட்டறை ஆட்களே தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. பாலியெஸ்டர் ரெசினில் அதைக் கெட்டியாக்கும் திரவமான கேட்டலிஸ்ட் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம். வெயில் நாளில் கொஞ்சம் குறைப்போம், குளிர்ந்த நாளில் கொஞ்சம் கூட்டுவோம். அந்தக் கைப்பழக்கத்தில் எபாக்சிக்கும் அதன் இரண்டாம் பகுதியான ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றுவார்கள். எபாக்சியில் இரண்டு பகுதியும் சேர்ந்துதான் கெட்டியாகின்றன. டப்பாவில் போட்ட விகிதம் மாறினால் கடைசி வரை பிசுபிசுப்பாகவே நிற்கும். தராசில் நிறுத்து ஊற்றுங்கள். கலந்ததைக் குவளையில் மொத்தமாக வைத்திருந்தால் தானே சூடேறிப் புகையும். அகலமான தட்டில் பரப்பி வையுங்கள். காய்ந்த எபாக்சியின் மேல் சில சமயம் மெழுகுபோல் ஒரு படலம் வரும். அதை வெறும் தண்ணீரால் தேய்த்துக் கழுவிய பிறகே உப்புத்தாள் போட வேண்டும். பாலியெஸ்டர்தான் போடுவேன் என்றால் ஓர் எச்சரிக்கை: நிறமில்லாத கேட்டலிஸ்டையும் கெட்டியாவதை வேகப்படுத்தும் ஊதா நிற ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள், வெடிக்கும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட். கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வை போகலாம். அரைத்த குழிகளை உங்களிடம் எபாக்சியால் அடைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது பெயின்ட். மீண்டும் ஜெல்கோட்டே அடிக்கலாமா என்று சிலர் யோசனை சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் வேண்டாம். ஜெல்கோட் காற்றுப் படும் பக்கம் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்க்க வேண்டும், பிறகு மேடுபள்ளத்தைத் தேய்த்து எடுப்பதற்குள் தோள் இறங்கிவிடும். உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, சிந்தெடிக் எனாமல். எந்த ஊரிலும் கிடைக்கும், யாரும் அடிக்கலாம், கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுக்கொள்ளலாம். ஆனால் மென்மையானது, கடலோர வெயிலில் சீக்கிரம் மங்கும், தொடர்ந்து தண்ணீருக்குள் கிடக்க ஏற்றதில்லை. மற்றொன்று, எபாக்சி பிரைமர் அடித்து மேலே இரண்டு டப்பா பாலியூரித்தேன். விலை கூடுதல், ஆனால் கெட்டியாகவும் பளபளப்பாகவும் பல வருடம் நிற்கும். எபாக்சியை மட்டும் அடித்துவிட்டு வெயிலில் விடாதீர்கள், அதுவும் பொடியாகும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பக்கவாட்டுக்குப் பாலியூரித்தேன், அடிப்பகுதிக்கு எபாக்சி பிரைமரை இரண்டு மூன்று பூச்சாக அடித்து அதன் மேல் அதே பாலியூரித்தேன் என்று முடித்துவிடுவேன்.

பாலியூரித்தேனை ஸ்பிரே செய்யாதீர்கள். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. துகளாகப் பறக்கும்போது மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு அடைக்கும். தூசி முகமூடி இதற்குப் பயன்படாது. திறந்தவெளியில், ரசாயன வாயுவுக்கான முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு ரோலரால் அடியுங்கள். ஒருவர் பஞ்சு ரோலரால் மெல்லியதாக உருட்டிக்கொண்டே போக, பின்னாலேயே இன்னொருவர் நல்ல பிரஷின் நுனியால் அழுத்தாமல் ஒரே திசையில் தடவிவிட வேண்டும். ரோலர் விட்ட குமிழ்கள் உடைந்து, பெயின்ட் தானாகப் படிந்துகொள்ளும். தடவிய இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். ஒரு கொசு ஒட்டியிருந்தாலும் காய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். 22 அடிப் படகின் வெளிப்புறம் ஏறக்குறைய 16 முதல் 18 சதுர மீட்டர் வரும். ஒரு லிட்டர் சுமார் 10 சதுர மீட்டர் பிடிக்கும் என்று கணக்கிட்டால், ஒரு பூச்சுக்கு இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அடுத்த பூச்சுக்கு எத்தனை மணி நேரத்துக்குள் என்பது டப்பாவில் இருக்கும். அந்த நேரம் தாண்டினால் 320 தாளால் தேய்த்துவிட்டே அடிக்க வேண்டும்.

பாசி, கொட்டலசு பிடிக்காத விஷப்பூச்சு வாங்கச் சொல்லி உங்களுக்கு வந்த யோசனையையும் தள்ளுபடி செய்கிறேன். படகு கழியிலேயே கட்டிக் கிடந்தால் அது தேவை. ஓட்டி முடித்துக் கரையேற்றும் படகில் கொட்டலசு பிடிக்க நேரமே இல்லை. அந்தப் பூச்சு மென்மையானது, முதல் இழுப்பிலேயே மணல் அதைத் தின்றுவிடும். அந்தப் பணத்தை ஏராவில், அதாவது படகின் அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்பில், போடுங்கள். மணலில் இழுக்கும் படகில் முதலில் தேய்வது ஏராவும், அணியத்தில் (முன்முனையில்) கரை தட்டும் இடமும்தான். எவ்வளவு விலை உயர்ந்த பெயின்டும் அங்கே தாங்காது. பெயின்டுக்கு முன் அந்த நீளம் முழுக்கப் பைபர் துணியை எபாக்சியில் இரண்டு மூன்று அடுக்கு போட்டுவிடுங்கள். சிலர் இரும்புப் பட்டை வைத்து ஸ்குரூ அடிப்பார்கள். அடிப்பகுதியில் புதிதாக ஒரு துளைகூடப் போட எனக்கு மனம் வராது. ஒவ்வொரு ஸ்குரூவும் தண்ணீருக்கு ஒரு வாசல்.

நேரம் பார்த்து அடியுங்கள். பரப்பின் வெப்பம் பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) மூன்று டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்று பெயின்ட் கம்பெனிகள் சொல்லும். நம் கரையில் இதன் அர்த்தம், காலைப் பனி முழுக்கக் காய்ந்த பிறகு தொடங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் நிறுத்துவது. கொதிக்கும் பரப்பில் அடித்தால் மேலே ஆடை கட்டி உள்ளே தின்னர் மாட்டிக்கொண்டு ஊசித் துளைகள் விழும். சாயங்காலம் அடித்தால் இரவுப் பனி விழுந்து பளபளப்பு செத்துவிடும். மேலே கீற்றுப் பந்தலோ தார்ப்பாயோ இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஐப்பசி, கார்த்திகையில் தொடாதீர்கள். மாசி, பங்குனி நல்ல காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்ப்புக்குக் கரையேறிவிடும் என்பதால், உதவிக்கு ஆள் பிடிப்பதும் பொருள் கிடைப்பதும் சிரமம். நிறம் உங்கள் விருப்பம் என்றாலும் கருநீலம் வேண்டாம். வெயிலில் அதிகம் சூடேறும், உள்ளே இருக்கும் இழைப் பின்னலையும் பழுது பார்த்த ஒட்டுகளையும் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று, பழைய பெயின்டைத் தேய்க்கும் முன் அதிலிருக்கும் பதிவு எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீன்வளத் துறை அலுவலகத்தில் பதிவு உயிரோடு இருக்கிறதா, அப்பா பெயரிலிருந்து மாற்ற என்ன வேண்டும், எந்த நிறம் அடிக்க வேண்டும் என்ற விதி உங்கள் வகைப் படகுக்கு உண்டா என்று நிறம் வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள். கடைசிப் பூச்சு மறுநாளே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் முழுக் கெட்டியாக ஒரு வாரம் ஆகும். அதுவரை மணலில் இழுக்க வேண்டாம். கொப்புளத்தைக் குத்தியபோது என்ன வந்தது, பின்பலகை தட்டியபோது எப்படிக் கேட்டது என்று எழுதுங்கள். மேற்கொண்டு அதை வைத்துத்தான் ஏதாவது சொல்ல முடியும்.